ஆன்டிகனி: ‘கணவன் என்றால் செய்திருக்க மாட்டேன்’ என்ற வரிகளை வெட்டலாமா?

மேடைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குழு பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோபக்ளிஸின் ஆன்டிகனியை மேடை வாசிப்பாகச் செய்யப் போகிறது. பாதி ஒத்திகையில் ஒரு சண்டை வந்து நிற்கிறது, அதற்குத்தான் இந்த இழை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஈடிபஸின் இரண்டு மகன்களும் தீப்ஸ் நகரத்து அரியணைக்காக மோதி, ஒருவரை ஒருவர் கொன்றுவிடுகிறார்கள். எடியோக்ளிஸ் நகரத்தைக் காத்து நின்றவன். பாலினிசிஸ் ஆர்கோஸ் படையைத் திரட்டிக்கொண்டு சொந்த ஊர் மேலேயே வந்தவன். அவர்களுக்குப் பிறகு ஆட்சிக்கு வரும் க்ரியோன், முதலாமவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம், இரண்டாமவன் உடலை நாயும் பறவையும் தின்னட்டும், மீறி அடக்கம் செய்பவருக்கு மரணம் என்று ஆணை போடுகிறான். தங்கை ஆன்டிகனி அதை மீறி அண்ணன் உடல் மேல் மண் போடுகிறாள், பிடிபடுகிறாள், உயிரோடு ஒரு பாறைக் குகைக்குள் அடைக்கப்படுகிறாள். அவளுக்கு நிச்சயமாகியிருந்த ஹீமோன், க்ரியோனின் மகன். கடைசியில் அவள், அவன், அவன் தாய் யூரிடிசி மூன்று பேருமே தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொள்கிறார்கள்.

சண்டை 904 முதல் 920 வரையிலான வரிகளைப் பற்றி. குகைக்குப் போகும் முன் அவள் சொல்கிறாள்: செத்துக் கிடந்தது என் கணவனோ பிள்ளையோ என்றால் ஊரை எதிர்த்து இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் இன்னொருவன் வரலாம், பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை பிறக்கலாம், தாயும் தகப்பனும் பாதாளம் போய்விட்ட பிறகு எனக்கு இன்னொரு சகோதரன் பிறக்கவே முடியாது. எங்கள் இயக்குநர் இதை வெட்டிவிடலாம் என்கிறார். அதுவரை தெய்வத்தின் சட்டம் என்று நிமிர்ந்து பேசியவள் இங்கே கணக்குப் போடுகிறாள், பார்க்கிறவர்களுக்கு அவள் மேல் இருக்கிற மரியாதை போய்விடும் என்பது அவர் வாதம். எனக்கு வெட்ட மனசில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழையபுத்தகம்:
உங்கள் இயக்குநருக்குப் பெரிய துணை இருக்கிறது. ஜெர்மன் கவிஞர் கதே 1827இல் தன் நண்பர் எக்கர்மனோடு பேசும்போது, இந்த வரிகள் பின்னால் யாரோ சொருகியவை என்று ஏதாவது ஒரு பண்டிதர் நிரூபித்துவிட மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பதிப்பாசிரியர்களும் அந்த வழியில் போனார்கள்.

ஆனால் இடைச்செருகல் என்று தள்ளுவது அவ்வளவு லேசில்லை. அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலின் மூன்றாம் பகுதியில் இதே வரிகளை மேற்கோள் காட்டுகிறார். நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால் உடனே காரணத்தையும் சொல்லிவிடு என்பதற்கு உதாரணமாக. அதாவது நாடகம் மேடையேறி (கி.மு. 441 வாக்கில்) ஒரு நூற்றாண்டு கழித்து அவர் கையிலிருந்த பிரதியில் இவை இருந்திருக்கின்றன, அவர் சந்தேகப்படவும் இல்லை.

அந்த யோசனையும் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸில் ஒரு கதை வருகிறது. பாரசீக மன்னன் டேரியஸ், இன்டஃபர்னிஸ் என்பவனைக் குடும்பத்தோடு சிறையில் போட்டுவிடுகிறான். அவன் மனைவி தினமும் அரண்மனை வாசலில் வந்து அழுகிறாள். ஒருவரை மட்டும் விடுவிக்கிறேன், யார் வேண்டும் என்று மன்னன் கேட்க, அவள் சகோதரனைக் கேட்கிறாள். ஏன் என்றால் இதே பதில்தான்: கணவனும் பிள்ளைகளும் மறுபடி கிடைக்கலாம், பெற்றவர்கள் இல்லை, இன்னொரு சகோதரனுக்கு வழி இல்லை. மன்னனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய் மூத்த மகனையும் சேர்த்து விடுவிக்கிறான்.

இதிலும் ஒரு இடறல் இருக்கிறது. அங்கே அவள் உயிரோடு இருக்கிற சகோதரனைக் காப்பாற்றுகிறாள், அதனால் கணக்கு சரியாக வருகிறது. பாலினிசிஸ் ஏற்கெனவே பிணம். அவனை அடக்கம் செய்தாலும் அவன் திரும்பி வரப் போவதில்லை. இந்த ஓட்டையை சோபக்ளிஸ் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வழக்காடி:
மேடைக்காரி, வரிகளுக்கு வருவதற்கு முன் ஒன்று. எல்லோரும் ஆரம்பத்திலேயே க்ரியோனைக் கொடுங்கோலன் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நான் நீதிமன்றத்தில் காலம் தள்ளுகிறவன், அவன் முதல் பேச்சை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நேற்றுதான் முற்றுகை முடிந்திருக்கிறது, ஏழு வாசல்களிலும் சண்டை நடந்திருக்கிறது, அரச குடும்பத்து ஆண்வாரிசு இரண்டும் செத்துக் கிடக்கிறது. அந்தக் காலையில் ஒரு புது ஆட்சியாளன் வந்து, தாய்நாட்டை விடத் தன் சொந்தக்காரனைப் பெரிதாக நினைக்கிறவனை நான் ஒரு பொருட்டாக மதிக்க மாட்டேன், ஊர் என்ற கப்பல் நிமிர்ந்து போனால்தான் நமக்கு நட்பு உறவு எல்லாமே என்கிறான். இதில் எந்த வாக்கியம் தப்பு?

ஏதென்ஸ்காரர்களும் தப்பாக நினைக்கவில்லை. கி.மு. 343இல் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் ஒரு பெரிய அரசியல் வழக்கில் இதே பேச்சை நீதிமன்றத்தில் எழுத்தரை விட்டுப் படிக்கச் சொன்னார். எதிராளி ஈஸ்கினிஸ் ஒரு காலத்தில் நடிகர், க்ரியோன் வேஷம் போட்டவர். நீ மேடையில் எத்தனை தடவை சொன்ன நல்ல வரிகள் இவை, தூதனாகப் போனபோது எங்கே விட்டாய் என்று கேட்கிறார். ஒரு தேசபக்தனின் பேச்சு என்று அதை எடுத்துக் காட்டுகிறார்.

அவன் ஆணையும் ஆளுக்கு ஆள் மாறவில்லை. பிடிபட்டவள் யார் என்று தெரிந்த பிறகு, என் சகோதரியின் மகளாக இருந்தாலும் சரி, அதை விட நெருங்கிய ரத்தமாக இருந்தாலும் சரி, தப்ப முடியாது என்கிறான். என் வீட்டுக்குள்ளேயே ஒழுங்கீனத்தை வளர்த்தால் வெளியாட்களை எப்படிக் கேட்பது என்கிறான். சொந்தக்காரர்களுக்குச் சட்டத்தை வளைக்காத ஆட்சியாளன் வேண்டும் என்று நாம்தான் எப்போதும் கேட்கிறோம். கிடைத்தால் கொடுங்கோலன் என்கிறோம்.

கரிசல்:
வழக்காடி சார், மரியாதையோடு மறுக்கிறேன். சட்டம் என்று நீங்கள் சொல்வது சட்டமே இல்லை. சபை கூடி எடுத்த முடிவு இல்லை, பழைய வழக்கமும் இல்லை, பதவிக்கு வந்த அன்றே ஒரு ஆள் அறிவித்தது.

துரோகிக்கு அடக்கம் மறுப்பது ஏதென்ஸில் இருந்த வழக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே விதி, அட்டிகா மண்ணில், அதாவது ஏதென்ஸும் அதைச் சுற்றிய நாட்டுப்புறமும் சேர்ந்த பகுதியில், புதைக்கக் கூடாது என்பது. எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ச் செய்துகொள்ளலாம். க்ரியோன் செய்வது வேறு. உடலை ஊர்ப்பக்கத்திலேயே போட்டு, காவல் வைத்து, அழுகிப்போவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்கிறான். அது தண்டனையைத் தாண்டிப் போய்விட்டது.

பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் யார் என்பதையும் யோசியுங்கள். இதே போரில் செத்த ஆர்கோஸ் வீரர்களின் உடல்களைத் தீப்ஸ் தர மறுத்தபோது, படையெடுத்துப் போய் மீட்டு எலியூசிஸில் அடக்கம் செய்தவர்கள் நாங்கள் என்பது ஏதென்ஸின் பழம்பெருமை. பிளாட்டியா போர்க்களத்தில் அணிவகுப்பில் யாருக்கு எந்த இடம் என்று தகராறு வந்தபோது கூட ஏதென்ஸ்காரர்கள் இதைச் சொல்லி உரிமை கேட்டதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்த ஊர் ஆட்கள் முன்னால் ஒரு தீப்ஸ் அரசன் வந்து பிணத்தைப் புதைக்காதே என்றால் அவர்கள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்?

இன்னொன்று. சலாமிஸ் கடற்போரை ஜெயித்துக் கொடுத்த தெமிஸ்டாக்ளிஸ் பின்னால் துரோகி என்று விரட்டப்பட்டு வெளிநாட்டில் செத்தார். அவர் எலும்புகளை உறவினர்கள் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து அட்டிகாவில் புதைத்ததாக அந்தக் குடும்பத்தார் சொல்கிறார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். அவர் இறந்தது இந்த நாடகத்துக்கு ஏறக்குறைய 20 வருடம் முன்னால். ஆக, ஆன்டிகனி செய்தது அவர்களுக்கு எங்கோ நடந்த புராணம் மட்டும் இல்லை.

மேடைக்காரி:
கரிசல், இந்த எல்லைக்கு வெளியே விஷயம் எனக்குப் புதிது, நன்றி. வழக்காடி சார் சொல்வதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், க்ரியோன் யார் என்பது. அவன் ஆன்டிகனியின் தாய் யோகாஸ்டாவின் சகோதரன். அப்படியென்றால் ஆன்டிகனிக்குத் தாய்மாமன். ஹீமோன் மாமன் மகன், நம் ஊர்க் கணக்கில் முறைமாப்பிள்ளை. ஆங்கிலத்தில் படிக்கும்போது அரசன், மருமகள் ஆகப் போகிறவள் என்று போய்விடுகிறது. நாங்கள் தமிழில் வாசித்தபோது ஒத்திகையிலேயே கனம் கூடிவிட்டது. தாயில்லை, தகப்பனில்லை, அண்ணன்கள் இருவரும் இல்லை. மிஞ்சி நிற்கிற பெரியவர் தாய்மாமன் ஒருவர். செத்தவனும் அவருக்குச் சகோதரி பிள்ளைதான். அடக்கத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஆளே அதைத் தடுக்கிறான். அதனால் குடும்பம் ஒரு பக்கம், அரசு இன்னொரு பக்கம் என்று பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. க்ரியோன் இரண்டு பக்கமும் நிற்கிறான்.

நிலாமுற்றம்:
நான் இஸ்மினிக்காகப் பேச வந்தேன், வேறு யாரும் பேசப் போவதில்லை என்று தெரிகிறது.

முதல் காட்சியில் விடியும் முன் ஆன்டிகனி உடன்பிறந்தவளை வெளியே அழைத்து வந்து திட்டத்தைச் சொல்கிறாள். இஸ்மினி பயப்படுகிறாள், நாம் பெண்கள், ஆள்கிறவர்களை எதிர்க்க முடியாது, செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்கிறாள். உடனே ஆன்டிகனி, இனி நீயே வந்தாலும் எனக்கு வேண்டாம் என்கிறாள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றால், போய் ஊரெல்லாம் சொல், சொல்லாவிட்டால் உன்னை இன்னும் வெறுப்பேன் என்கிறாள். பிடிபட்ட பிறகு இஸ்மினி ஓடி வந்து நானும் செய்தேன், என்னையும் கொல்லுங்கள் என்கிறாள். நீ செய்யவில்லை, உனக்கு அதில் பங்கு இல்லை என்று விரட்டுகிறாள். க்ரியோன் கோபத்தில் இரண்டு பேருக்கும் மரணம் என்கிறான், கோரஸ் (நாடகத்தில் பாடியும் பேசியும் வரும் ஊர்ப் பெரியவர் குழு) முதியவர்கள் இரண்டு பேரையுமா என்று கேட்ட பிறகுதான் இஸ்மினியை விடுகிறான். அதற்கு அப்புறம் நாடகத்தில் அவள் இல்லை.

கொடுமை எங்கே என்றால், குகைக்குப் போகும்போது ஆன்டிகனி ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, அரச குலத்தில் மிஞ்சிய கடைசி ஒருத்தியைப் பாருங்கள் என்கிறாள். கடைசியா? அரண்மனைக்குள் இஸ்மினி உயிரோடு இருக்கிறாளே! வெறுப்பில் பங்கு கொள்ள நான் பிறக்கவில்லை, அன்பில் பங்கு கொள்ளவே பிறந்தேன் என்று க்ரியோனிடம் சொன்ன அதே வாய். அந்த வரியைத்தான் எல்லோரும் போஸ்டரில் போடுகிறார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்தியிடம் அந்த அன்பு போய்ச் சேரவே இல்லை.

கரிசல்:
அக்கா, இது கொஞ்சம் கடுமை. இஸ்மினியை விரட்டுவதே அவளைக் காப்பாற்றத்தான் என்று படிக்க இடம் இருக்கிறது. உன்னைக் காப்பாற்றிக்கொள், நீ தப்புவதில் எனக்குப் பொறாமை இல்லை என்று அவளே சொல்கிறாளே. ஊர் எதிரே நீ செய்யவில்லை என்று அறுத்துப் பேசினால்தானே க்ரியோன் நம்புவான்?

நிலாமுற்றம்:
இரண்டாவது காட்சிக்கு அதை ஒப்புக்கொள்ளலாம். விடியற்காலையில் இருட்டில் இரண்டு பேர் மட்டும் நின்று பேசும்போது யாரை நம்ப வைக்க வெறுப்பேன் என்றாள்?

பழையபுத்தகம்:
நடுவில் ஒரு சின்னக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன், வாசிப்புக்கு உதவும். காவலாளி வந்து அவளைப் பிடித்த விதத்தைச் சொல்லும் இடம். பிணத்தின் மேலிருந்த மண்ணைத் துடைத்து எடுத்துவிட்டு, நாற்றம் வராத பக்கமாகக் காற்றைப் பார்த்துக் குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், தூங்கிவிடாமல் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே. உச்சி வெயிலில் திடீரென்று சூறைக்காற்று, மரத்து இலையெல்லாம் பிய்த்துக்கொண்டு போகிறது, கண்ணை மூடிக்கொள்கிறார்கள். காற்று அடங்கினால் அந்தப் பெண் நிற்கிறாள். கூட்டுக்குத் திரும்பிக் குஞ்சுகளைக் காணாத பறவை மாதிரிக் கத்துகிறாள். மண் துடைக்கப்பட்ட உடலைப் பார்த்துச் செய்தவர்களைச் சபிக்கிறாள். பிறகு கையால் புழுதியை அள்ளிக் கொண்டுவந்து போட்டு, வெண்கலச் செம்பிலிருந்து மூன்று முறை நீர்க்கடன் ஊற்றுகிறாள். பிடித்ததும் எதையும் மறுக்கவில்லை. தான் தப்பியதில் சந்தோஷம், தெரிந்த ஒருத்தியை மாட்டிவிட்டதில் வருத்தம் என்று காவலாளி வாய்விட்டுச் சொல்கிறான். சட்டம், தெய்வம் என்று பெரிய வார்த்தைகள் வருவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கரிசல்:
நான் சொல்ல வந்ததற்கே கொண்டுவந்து விட்டீர்கள். முதலில் செய்கை, பிறகுதான் காரணம். க்ரியோன் ஆணை தெரிந்துமா மீறினாய் என்று கேட்கும்போது, எழுதப்படாத, என்றைக்கும் மாறாத தெய்வச் சட்டங்கள் இருக்கின்றன, ஒரு மனிதன் ஆணை அதை மிஞ்ச முடியாது என்கிறாள். ஆட்சியாளனுக்கு எதிரே நின்று சொல்லும் பதில் அது. 904 வரும்போது நிலைமை வேறு. கோரஸ் பெரியவர்கள் அவளை ஆதரிக்கவில்லை, கொஞ்ச நேரம் முன்னால்தான், உன் பிடிவாதம்தான் உன்னை அழித்தது என்கிறார்கள். தெய்வங்களிடமிருந்து ஒரு சைகையும் இல்லை. கல்யாணப் பாட்டுக் கேட்காமல் போகிறேன் என்று அழுதவள், ஏன் இதற்காகச் சாகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வராத கணவனையும் பிறக்காத பிள்ளையையும் அவள் இழுப்பது அதனால்தான். அவள் விட்டுக்கொடுக்கிறது அவைதானே. அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்றால் இருக்கட்டும். சாகப்போகிறவள் வழக்குரை எழுதிக்கொண்டு வரவில்லை.

நிலாமுற்றம்:
வெட்டக் கூடாது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், காரணம் மட்டும் வேறு. அந்த வரிகள் போனால் அவள் எல்லோருடைய இறந்தவர்களுக்காகவும் போராடியவள் ஆகிவிடுகிறாள். பிரதியில் அவள் அப்படி இல்லை. ஒரே ஒருவனுக்காக, தன் தாய் வயிற்றில் பிறந்தவனுக்காகச் செய்தாள், மற்ற யாருக்கும் செய்திருக்க மாட்டேன் என்று அவளே சொல்கிறாள். பொதுவான கொள்கையாக ஆக்கி அவளைச் சுத்தப்படுத்த வேண்டாம். எனக்கு அவள் மேல் மரியாதை குறையவில்லை, இஸ்மினி விஷயத்தில் கோபம் தீரவும் இல்லை.

வழக்காடி:
நானும் வெட்ட வேண்டாம் கட்சிதான். ஒருவர் வாக்குமூலத்தில் அசௌகரியமான பகுதியை மட்டும் எடுத்துவிடுவது எனக்குத் தொழில்ரீதியாகவே ஒத்துக்கொள்ளாது.

கரிசல், உங்கள் வாதத்துக்குப் பதில் சொல்லாமல் போக மாட்டேன். ஆணை சபையில் வந்ததில்லை என்பது உண்மை, அதை நான் மறுக்க முடியாது. க்ரியோன் நழுவும் இடம் எனக்கு அதற்கும் பின்னால் வருகிறது, ஹீமோன் காட்சியில். அந்தப் பையன் அப்பாவிடம் முதலில் எவ்வளவு பணிவாகப் பேசுகிறான்! வெள்ளத்தில் வளைந்து கொடுக்கிற மரம் பிழைக்கும், விறைத்து நிற்கிற மரம் வேரோடு போகும் என்கிறான். ஊர் இருட்டில் அவளுக்காக அழுகிறது, உங்கள் முகத்துக்கு நேரே சொல்லப் பயப்படுகிறார்கள், எனக்குக் காதில் விழுகிறது என்கிறான். க்ரியோன் பதில்: நான் எப்படி ஆள வேண்டும் என்று ஊர் எனக்குச் சொல்லுமா? முதல் பேச்சில் ஊர்தான் கப்பல் என்றவன் இப்போது ஊர் ஆள்கிறவனுக்குச் சொந்தம் என்கிறான். ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்று மகன் சொல்கிற இடத்தில் நான் க்ரியோனுக்காக வாதாட முடியாமல் உட்கார்ந்துவிடுகிறேன்.

கரிசல்:
அதற்கு அடுத்ததையும் பாருங்கள் சார். ஆணையில் சொன்ன தண்டனை ஊரார் கல்லெறிந்து கொல்வது. ஹீமோன் போனவுடன் அது மாறிவிடுகிறது, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குகைக்குள் கொஞ்சம் சாப்பாட்டோடு அடைப்பது, ஊருக்குத் தீட்டு வராமல். கல்லெறிய ஊர் ஜனங்கள் கை வேண்டும். அவர்கள் எறிய மாட்டார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டபோது க்ரியோனாக நடித்தவர் நெல்சன் மண்டேலா. ஆள்கிற பதவியில் வைத்துப் பார்க்காமல் ஒருவன் மனசை அறிய முடியாது என்ற க்ரியோன் வரியைத் தன் வரலாற்றில் எடுத்துக் காட்டுகிறார். அவன் பிடிவாதமும் குருட்டுத்தனமும் தலைவனுக்கு அழகில்லை என்கிறார். ஆன்டிகனிதான் எங்கள் போராட்டத்தின் அடையாளம் என்றும் எழுதுகிறார். உங்கள் க்ரியோன் நடிகருக்கு இதைச் சொல்லுங்கள் மேடைக்காரி.

பழையபுத்தகம்:
கடைசிப் பகுதியில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் வந்து, நாயும் பறவையும் பிணத்தின் சதையைக் கொண்டுவந்து பலிபீடங்களை அசுத்தப்படுத்திவிட்டன, தெய்வங்கள் நம் பலியை ஏற்கவில்லை என்று எச்சரிக்கிறான். க்ரியோன் பயந்துபோய் கோரஸிடம் என்ன செய்ய என்று கேட்கிறான். அவர்கள் சொல்லும் வரிசை: போய் முதலில் அந்தப் பெண்ணை விடுவி, பிறகு கிடக்கிறவனுக்குச் சமாதி எழுப்பு. அவன் செய்த வரிசை தலைகீழ். முதலில் வயலுக்குப் போய், மிஞ்சிய உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டு, அப்புறம்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தன் துணியையே சுருக்காக்கித் தூக்கில் தொங்கிவிட்டாள். ஹீமோன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான். அப்பனைப் பார்த்ததும் முகத்தில் துப்பி, வாளை உருவி, குறி தவறி, அதே வாளில் தானே பாய்கிறான்.

நிலாமுற்றம்:
செத்தவனை முதலில் பார்த்தான், உயிரோடு இருந்தவளை அப்புறம். ஆன்டிகனி செய்ததும் அதேதான், நான் இதைத்தான் மேலே சொன்னேன்.

வழக்காடி:
அவன் தரப்பில், ஊரைப் பிடித்த தீட்டு பிணத்தால் வந்தது, பெண்ணால் இல்லை. ஆட்சியாளனாக அந்த வரிசை நியாயம். மாமனாக, தகப்பனாக நியாயமே இல்லை.

மேடைக்காரி:
இழை முழுவதையும் இயக்குநருக்குப் படித்துக் காட்டினேன். 904 முதல் 920 வரை அப்படியே வரும், வெட்டு இல்லை. அவரை மாற்றியது பழையபுத்தகம் சொன்ன அரிஸ்டாட்டில் விஷயம் இல்லை, நிலாமுற்றம் சொன்னது: வெட்டினால் அவள் செய்யாத ஒன்றுக்காக நாம் அவளைப் புகழ்கிறோம் என்று அவரே சொன்னார். பதிலுக்கு நேரம் மிச்சம் பிடிக்க க்ரியோனின் முதல் பேச்சைப் பாதியாகக் குறைக்கலாமா என்கிறார்.

வழக்காடி:
தயவுசெய்து வேண்டாம். 162 முதல் 210 வரை முழுதாக வரட்டும், உரக்கப் படித்தால் சில நிமிடம்தான். அதை முழுதாகக் கேட்டுத் தலையாட்டிய கூட்டத்துக்குத்தான் ஹீமோன் காட்சி உறைக்கும். நேரம் வேண்டுமென்றால் கோரஸ் பாட்டுகளில் பழைய புராணப் பெயர்கள் அடுக்கடுக்காக வருகிற இடத்தில் கை வையுங்கள், டனாயி, லைகர்கஸ் பகுதி மாதிரி.

கரிசல்:
அந்தப் பாட்டு அவள் குகைக்குப் போகும்போது வருவது சார், அடைபட்டவர்களின் கதை அது. அதைத் தொடாதீர்கள். காவலாளி முதல் தடவை வந்து சுற்றி வளைத்துப் பேசுகிற இடத்தில் பத்து வரி போனால் யாருக்கும் நஷ்டமில்லை.